உண்ணியை எதால் எடுப்பது, எதால் தடுப்பது: நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஓர் ஒப்பீடு

நாயின் காதில் தொங்கிய உண்ணியைப் பிடுங்கிப் போட்ட மறுநாளே அதே இடத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தால், மருந்தைக் குறை சொல்வதற்கு முன் சுவரைப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் நாயைப் பிடிப்பது பெரும்பாலும் ரைபிசெபாலஸ் சாங்குனியஸ் எனப்படும் பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து ஆறு காலோடு வரும் குஞ்சு, எட்டுக் கால் உள்ள இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என்று மூன்று பருவங்கள் அதற்கு உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும், கீழே விழும், இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும், அடுத்த பருவத்தில் மறுபடி ஏறும். வயிறு நிறைந்த பெண் உண்ணி ஆமணக்கு விதை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பி விழுந்து, மேல்நோக்கி ஏறும். சுவர் வெடிப்பு, கதவு நிலை, சுவிட்ச் பெட்டியின் பின்புறம், திரைச்சீலை மடிப்பு, நாய்க்கூண்டின் கூரை என்று ஏதாவது ஓரிடத்தில் பதுங்கி நான்காயிரம் முட்டை வரை இடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரையிலான சுற்று இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். பசித்த வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேல்கூட உயிரோடு காத்திருக்கும்.

ஆகவே முடிவெடுக்க வேண்டியவை மூன்று: ஒட்டியிருப்பதை எதால் எடுப்பது, இனி ஏறுவதை எதால் கொல்வது, வீட்டில் ஒளிந்திருப்பதை என்ன செய்வது. முதலாவதில் தவறினால் நாய்க்கு ஒரு புண்ணோடு போகும். இரண்டாவதில் தவறினால் காய்ச்சல் வரும். மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டுக்கும் செலவழித்தது வீண்.

எடுப்பது: ட்வீசரா, கொக்கியா, விரலா?

கூர்நுனி ட்வீசர்தான் எங்கள் முதல் தேர்வு. புருவம் எடுக்கப் பயன்படும் அகன்ற, சாய்ந்த நுனி கொண்டது வேண்டாம். அது உண்ணியின் வயிற்றைச் சேர்த்து அமுக்கிவிடும். நுனி ஊசிபோல் குறுகி, இரு பக்கமும் சரியாகச் சேர வேண்டும். முடியை விலக்கி, உண்ணியின் உடலைத் தொடாமல், தோலை ஒட்டிய வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். பிறகு திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேர் மேலே சீராக இழுத்தபடி இருங்கள். தோல் கூடாரம் போல எழும்பும். சில நொடிகளில் பிடி விட்டு வரும். உண்ணி தன் வாயைச் சுற்றிச் சிமென்ட் போன்ற பசையைச் சுரந்து ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பொறுமை தேவைப்படுகிறது. ட்வீசரைக் கொண்டு திருகினால் வாய்ப்பகுதி முறிந்து உள்ளே தங்கும்.

இணையத்தில் டிக் ட்விஸ்டர் என்று விற்கும் பிளவுபட்ட கொக்கிக்கு விதி நேர்மாறானது. அதைப் பக்கவாட்டில் தோலோடு ஒட்டி நகர்த்தி, பிளவின் குறுகிய முனையில் உண்ணி சிக்கியதும், மெல்லச் சுழற்றியபடி தூக்க வேண்டும். உண்ணியின் வயிறு அமுங்காது என்பது இதன் பெரிய பலம். கை நடுங்குபவர்களுக்கும், துள்ளுகிற நாய்க்கும், உப்பிய பெரிய உண்ணிக்கும் கொக்கியே வசதி. கடுகளவு இளம் உண்ணியை அது கோட்டைவிடும். கால்விரல் இடுக்கிலும் நுழையாது. இரண்டையும் வாங்கி வைத்தாலும் பெரிய செலவில்லை. எதற்குத் திருக வேண்டும், எதற்குக் கூடாது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

விரலால் பிடுங்குவது கையில் எதுவுமே இல்லாதபோது மட்டும். அப்போதும் கையுறையோ டிஷ்யூவோ சுற்றிக்கொண்டு, முடிந்தவரை தோலருகே பிடிக்க வேண்டும். எடுத்ததை நகத்தால் நசுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உண்ணியின் உடல்நீரில் ரிக்கெட்சியா போன்ற கிருமிகள் இருக்கலாம். நகக்கண் வெடிப்பிலோ, கண்ணைக் கசக்கும்போதோ அவை உள்ளே போகும். தரையில் போடுவதும் தவறு: நாய் அதைத் தின்றால் ஹெபடோசூன் என்ற ஒட்டுண்ணி அந்த வழியாகவே தொற்றும். மூடியுள்ள சிறிய பாட்டிலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றி, அதற்குள் போடுங்கள். ஸ்பிரிட் இல்லையென்றால் செல்லோடேப்பை இரு பக்கமும் ஒட்டி மடித்துக் குப்பையில் போடலாம்.

இனி, செய்யவே கூடாதவை. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், வாசலின், நகப்பூச்சு தடவுவது, ஊதுபத்தி நுனியால் சுடுவது எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே நம்பிக்கைதான்: உண்ணி மூச்சுமுட்டியோ சூடு தாங்காமலோ தானாக விழும் என்பது. உண்ணி மணிக்குச் சில முறை மட்டுமே மூச்சுவிடும் உயிரி. அதன் மூச்சை அடைத்தாலும் சாக மணிக்கணக்காகும். அவ்வளவு நேரமும் அது எச்சிலை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும், தொந்தரவு கூடினால் இன்னும் அதிகமாக. சூடு வைத்தால் நாயின் தோல் வேகும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் நுரையீரலுக்கும் ஆபத்து. உறையவைக்கும் ஸ்பிரே அடிக்கச் சொல்லும் ஆஸ்திரேலியக் குறிப்புகள் கண்ணில் படலாம். அங்குள்ள வேறு வகை உண்ணியால் மனிதர்களுக்குக் கடும் ஒவ்வாமை வருவதால் எழுந்த ஆலோசனை அது. நம் நாய் உண்ணிக்குப் பொருந்தாது.

வாய்ப்பகுதி கறுப்புப் புள்ளியாக உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் தோண்ட வேண்டாம். உடல் நீங்கியபின் அதனால் கிருமி பரவாது; சில நாளில் தோலே வெளியே தள்ளிவிடும். சோப்பு நீரில் கழுவி, போவிடோன் அயோடின் தடவினால் போதும். கடித்த இடம் ஓரிரு வாரம் பயறளவு முடிச்சாக இருப்பதும் வழக்கமே.

தேட வேண்டிய இடங்கள்: காது மடலின் உள்பக்கம், இமை ஓரம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், கால்விரல் இடுக்கு, வாலடி. ராஜபாளையம் போல வெள்ளைக் குட்டைமுடி நாயில் கண்ணுக்கே தெரியும். லாப்ரடாரிலும் பொமரேனியனிலும் விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு. அதையும் மருவையும் உண்ணி என்று நினைத்து இழுத்துப் புண்ணாக்குபவர்கள் நிறைய. காலைப் பார்த்த பிறகே ட்வீசரை வையுங்கள்.

தடுப்பது: மாத்திரை, பட்டை, சொட்டு, குளியல், ஊசி

இங்கே ஒப்பிட வேண்டியது விலையை மட்டுமல்ல. உண்ணி கடித்த பிறகு சாகிறதா, கடிக்கும் முன்பே விலகுகிறதா என்பதே முதல் கேள்வி. நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் தரும் எர்லிக்கியா கேனிஸ் கிருமி, உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே உடலுக்குள் போகக்கூடியது. பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி தொற்ற, உண்ணி பொதுவாக ஒன்றிரண்டு நாள் ஒட்டியிருக்க வேண்டும்.

மாத்திரைகள் ஐசோக்சாசோலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃப்ளூராலனர் 12 வாரம் வேலை செய்யும். அஃபாக்சோலனர், சரோலனர், லோட்டிலனர் ஆகியவற்றை மாதம் ஒருமுறை தர வேண்டும். உண்ணி கடித்து ரத்தத்தை உறிஞ்சிய பின்தான் சாகும். ஃப்ளூராலனருக்கு அது சுமார் 12 மணி நேரம். மாத்திரை தந்த நாயின் மேலும் உண்ணி ஊர்வதைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுநாளும் அது ஒட்டியபடி உப்புகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குளித்தாலும் நீந்தினாலும் இதன் பலன் குறையாது. பூனையும் குழந்தையும் நாயைத் தொட்டாலும் அவர்கள் கையில் மருந்து ஒட்டாது. பசித்த வயிற்றில் தந்தால் மருந்து குறைவாகவே உடலில் ஏறும். சாப்பாட்டோடு சேர்த்தே தாருங்கள். தந்த பிறகு அரைமணி நேரம் கவனியுங்கள், சில நாய்கள் கக்கிவிடும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது: தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் இந்தக் குடும்பம் முழுவதற்குமே எச்சரிக்கை விடுத்தது. பெரும்பாலான நாய்களுக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை. ஆனாலும் அந்த வரலாற்றை மறைக்காதீர்கள்.

கழுத்துப்பட்டையின் பலம் வேறு. ஃப்ளூமெத்ரினும் இமிடாக்ளோபிரிடும் கலந்த பட்டை ஏழெட்டு மாதம், டெல்டாமெத்ரின் பட்டை ஐந்தாறு மாதம் தோலின் எண்ணெய்ப் பசையில் மெல்லப் பரவி, தொட்ட உண்ணியைக் கடிக்கும் முன்பே தடுமாற வைக்கும். எர்லிக்கியாவை முன்கூட்டித் தடுக்க இதுவே ஏற்றது. ஆனால் கட்டிய அன்றே பலன் கிடைக்காது. டெல்டாமெத்ரின் பட்டைக்கு ஒரு வாரம் ஆகும். ஏற்கெனவே ஒட்டியவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். அழகுக்காக முடிமேல் தளர்வாகத் தொங்கவிட்டால் மருந்து தோலுக்கே போகாது. மீதியை வெட்டிவிடுங்கள், இன்னொரு நாய் மென்றுவிடும். வாரந்தோறும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டும் வீட்டில் பட்டையின் ஆயுள் குறையும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மணமூட்டிய "மூலிகைப் பட்டை" இந்தக் கணக்கில் வராது. அட்டைப் பெட்டியில் மருந்தின் பெயரும் சதவீதமும் இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைத் தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் விட வேண்டும், முடியின் மேல் அல்ல. விடுவதற்கு 2 நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக் கூடாது. பலன் கெடுவதற்கு முதல் காரணம் அந்தக் குளியல்தான். உண்ணிக்கு ஒரு மாதம் என்று லேபிள் சொல்லும். உண்ணி அதிகம் உள்ள வீட்டில் மூன்றாவது வாரமே தளர்ந்துவிடும். பல நாடுகளில் பழுப்பு நாய் உண்ணி இதற்கு எதிர்ப்பு காட்டுவதும் பதிவாகியிருக்கிறது. அதனால் ஏற்கெனவே உண்ணி மொய்த்த வீட்டுக்கு இதை முதல் மருந்தாகச் சொல்ல மாட்டோம். ஆனால் மாத்திரை தர முடியாத பிஞ்சுக் குட்டிகளுக்கு 0.25% ஃபிப்ரோனில் ஸ்பிரே ஒரு வரம். மருத்துவர் சொல்லும் அளவில் கையுறையோடு தடவலாம். அதே வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனிலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், முயலைக் கொன்றுவிடும்.

அமிட்ராஸ், டெல்டாமெத்ரின் கரைசல்களில் குளிப்பாட்டுவது மிக மலிவு. தவறும் இங்கேதான் மிக அதிகம். கடையில் கிடைக்கும் 12.5% அமிட்ராஸில் 4 மில்லியை 1 லிட்டர் நீரில் கலந்தால் 0.05% கரைசல். பாட்டில் மூடியால் உத்தேசமாக ஊற்றினால் அது இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஊசி சிரிஞ்சால் அளந்து, நாயின் எடைக்கும் வயதுக்கும் மருத்துவர் சொன்ன அளவில், அன்றன்றைக்குக் கலந்து, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். கலந்து வைத்த அமிட்ராஸ் பழசாகும்போது நஞ்சு கூடும். நாய் மந்தமாகி, உடல் குளிர்ந்து, இதயத்துடிப்பு குறைந்தால் அமிட்ராஸ் அதிகமானதற்கு அடையாளம். உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு. சர்க்கரை நோய் உள்ள நாய், பால் கொடுக்கும் தாய், சின்னக் குட்டி, சிவாவா போன்ற மிகச்சிறிய இனம், இவற்றுக்கு இந்தக் குளியல் வேண்டாம். உண்ணி ஷாம்பு அந்த நேரத்துக்கு ஒட்டியிருப்பதைக் கொல்லும்; கழுவிய பின் எதுவும் மிஞ்சாது.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றி ஒரே வார்த்தை: போடாதீர்கள். மாட்டுக்கு விற்கும் 1% மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டால் 10 கிலோ நாய்க்கு 0.2 மில்லிதான். தசமப் புள்ளி ஒன்று நகர்ந்தால் பத்து மடங்கு. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் போன்ற மேய்ப்பு இனங்கள் பலவற்றில் ஒரு மரபணு மாற்றத்தால் மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். இத்தனை ஆபத்தைத் தாங்கியும் பழுப்பு நாய் உண்ணிக்கு அது நல்ல மருந்தல்ல.

மஞ்சள், வேப்பிலை, வசம்பு, பூண்டு அரைத்துத் தெளிக்கும் முறை மாட்டுக்கு உதவுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டு உண்ணி தன் மூன்று பருவத்தையும் ஒரே மாட்டின் மேல் ஏறத்தாழ மூன்று வாரத்தில் கழிக்கும். வாரம் ஒருமுறை தெளித்தால் எல்லாப் பருவமும் கைக்கு எட்டும். நாய் உண்ணி பெரும்பகுதி நேரம் சுவரில் இருக்கிறது. நாய் மேல் தெளிப்பது அதைத் தொடுவதே இல்லை. நாய்க்குப் பூண்டு நஞ்சு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூனை இருக்கும் வீடு

இது தனியாகச் சொல்ல வேண்டியது. பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்து பூனையைக் கொல்லும். ஒரே பாயில் நாயோடு படுத்தாலும் போதும். நடுக்கமும் வலிப்பும் வந்து ஓரிரு நாளில் பூனை இறந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. பூனை உள்ள வீட்டில் நாய்க்கு மாத்திரையே எங்கள் தேர்வு, அதில் இரண்டாவது எண்ணமே இல்லை.

வீட்டை என்ன செய்வது

மாத்திரை தொடங்கிய அன்று வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் சேர்த்தே தாருங்கள். ஒன்றை விட்டால் அதுவே உண்ணிக்குச் சோறு. நாயை ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று தோன்றும். அது தலைகீழ் வேலை. மருந்தூட்டிய நாய் அங்கேயே நடமாடினால்தான் இடுக்கில் இருப்பவை ஏறிச் சாகும். நாய் இல்லாவிட்டால் அவை பட்டினி கிடந்து காத்திருக்கும், அல்லது மனிதரைக் கடிக்கும்.

சுவர் வெடிப்பையும் தளக்கல் இடைவெளியையும் சிமென்ட் பூசி அடைப்பது ஒருமுறை செய்யும் வேலை, பலன் வருடக்கணக்கில். கூண்டு இரும்பும் கான்கிரீட்டுமாக, பக்கத்தில் எரியக்கூடியது ஏதும் இல்லாமல் இருந்தால் ஃபிளேம் கன்னால் இடுக்குகளைச் சுடலாம். முட்டையும் சேர்ந்து சாகும். மருந்து தெளிப்பதானால் டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரினை லேபிள் அளவில், நாயையும் பூனையையும் அப்புறப்படுத்தி, தரையில் அல்லாமல் சுவரின் மேல் விளிம்பு, கூரைச் சந்து, நிலைக்கால் ஓரம் என்று அடிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்துங்கள். இந்த மருந்துகள் மீனை உடனே கொல்லும். முட்டையைத் தெளிப்பு கொல்லாது என்பதால் இரண்டு, மூன்று வாரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். முதல் தடவைக்குப் பின் உண்ணி மறைந்துவிட்டதென்று நிறுத்துபவர்களுக்குத்தான் அடுத்த மாதம் குஞ்சுகள் சுவரில் ஊர்வது தெரியும். முழுதாக ஓய மூன்று மாதமாவது ஆகும். மாத்திரையை அதற்குள் நிறுத்த வேண்டாம்.

காட்டோரம் போகிறவர்களுக்கு

முதுமலை, பந்திப்பூர், வயநாடு பக்கம் விறகுக்கோ மேய்ச்சலுக்கோ நடைப்பயணத்துக்கோ போகிறவர்கள் எதிர்கொள்வது வேறு உண்ணி. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலை ஹீமாபைசாலிஸ் வகை உண்ணியின் இளம் பருவம் பரப்புகிறது. டிசம்பர் முதல் மே வரை அதன் காலம். பழைய தடுப்பூசி போதிய பலன் தராததால் 2022-ல் கைவிடப்பட்டது. ஆகவே கடி வாங்காமல் இருப்பது ஒன்றே வழி.

தோலுக்கு 20 முதல் 30% டீட், அல்லது 20% பிக்காரிடின் கலந்த பூச்சி விரட்டி. ஷிமோகாவில் காட்டுக்குள் போகிறவர்களுக்குச் சுகாதாரத் துறை வழங்கும் டீபா எண்ணெயும் இந்த வகைதான். துணிக்கு 0.5% பெர்மெத்ரின், முந்தைய நாளே தெளித்துக் காயவைக்க வேண்டும், தோலில் தடவக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் துணிக்கே முதலிடம் தருவோம். உண்ணி கால் வழியாக ஊர்ந்தே ஏறுகிறது, தோலில் தடவியதோ வியர்வையில் வழிந்துபோகிறது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிறத் துணி உடுத்தினால் ஊர்வது தெரியும். சருகின் மேல் உட்காராதீர்கள். திரும்பியதும் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் பின்புறம், காதுக்குப் பின், தலைமுடி வரை பாருங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது. துணியைக் கொதிநீரில் ஊறவையுங்கள். குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

எடுத்த பிறகு

எடுத்த தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். நாய்க்கு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தீனி மறுப்பு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். தட்டணுக்கள் குறைந்திருந்தால் எர்லிக்கியாவைச் சந்தேகிப்பார்கள். அதற்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். பபீசியாவுக்கு மருந்தே வேறு என்பதால், பரிசோதிக்காமல் கடையில் டாக்சிசைக்ளின் வாங்கித் தருவது நாளை வீணாக்கும். மனிதருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் உள்ளங்கை வரை பரவும் தடிப்பும் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே "உண்ணி கடித்தது, இந்தத் தேதியில், இந்த இடத்தில்" என்று சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.